மீடியாவிக்கி நீட்சிக்கு முதல் பேட்ச்: கெரிட்டில் ஒரு மாற்றம் இரண்டாகிவிட்டது, ஜென்கின்ஸ் -1

தொடுவானம்_77:

வணக்கம். மீடியாவிக்கி நீட்சி ஒன்றில் சின்ன வழு. பொத்தானின் மேல் பெயர் வரவேண்டிய இடத்தில் ⧼ ⧽ குறிகளுக்கு நடுவே செய்தியின் (இடைமுகத்தில் வரும் வாசகத்தின்) சாவிப்பெயரே தெரிகிறது. தமிழில் மட்டுமல்ல, ஆங்கில இடைமுகத்திலும் அப்படித்தான். ஃபேப்ரிகேட்டரில் (விக்கிமீடியாவின் வழு, பணிப் பட்டியல்) 'குட் ஃபர்ஸ்ட் டாஸ்க்' (புதியவருக்கு ஏற்ற பணி) சிட்டையோடு பணி திறந்திருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

என் மாற்றம்: எக்ஸ்டென்ஷன்.ஜேசன் கோப்பில் ஒரு வரி, என்.ஜேசனில் ஒரு புதிய செய்தி, டிஏ.ஜேசனில் அதன் தமிழ், ஒரு பிஎச்பி கோப்பில் மூன்று வரி. கிட் பழக்கம் உண்டு, ஆனால் கிட்ஹப் வழியில் மட்டும்.

முதல் தடவை தள்ளியபோது 'கமிட் செய்தியில் சேஞ்ச்-ஐடி இல்லை' என்று கெரிட் (மீடியாவிக்கியின் நிரல் மாற்றங்களைப் பரிசீலிக்கும் தளம்) மறுத்தது. ஹூக்கை நிறுவியபின் ஏறியது. தானாகத் தேர்வு ஓட்டும் ஜென்கின்ஸ் -1 (தேர்வில் தோல்வி) போட்டது. திருத்தி இன்னொரு கமிட் போட்டு 'கிட் ரிவியூ' கொடுத்தேன். பல கமிட்டுகளை அனுப்பப் போகிறீர்கள், சம்மதமென்றால் 'யெஸ்' என்று தட்டச்சிடுங்கள் என்றது, தட்டச்சிட்டேன். இப்போது ஒரே வழுவுக்கு இரண்டு மாற்றங்கள் சங்கிலியாக நிற்கின்றன. முதலாவதில் -1 அப்படியே இருக்கிறது.

இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது? -1க்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்? ரிவியூவுக்கு யாரைக் கேட்பது? ஒப்புதல் கிடைத்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் எப்போது தெரியும்?

---

அடைப்புக்குறி:

கிட்ஹப்பில் ஒரு கிளைதான் ஒரு புல் ரெக்வெஸ்ட். அதில் பத்து கமிட் இருந்தாலும் கடைசியில் ஒன்றாக அழுத்திவிடுவார்கள். கெரிட்டில் ஒரு கமிட்தான் ஒரு மாற்றம். கிளைக்கு அங்கே மதிப்பே இல்லை. கமிட் செய்தியின் கடைசியில் இருக்கும் சேஞ்ச்-ஐடி வரியை வைத்துத்தான் 'இது பழைய மாற்றத்தின் அடுத்த பதிப்பா, புதிதா' என்று கெரிட் முடிவு செய்கிறது. நீங்கள் சந்தித்த இரண்டு தடங்கலுக்கும் இதுவே வேர்.

முதல் மறுப்பு ஏன் வந்தது: சேஞ்ச்-ஐடியை எழுதுவது உங்கள் கணினியில் உள்ள கமிட் ஹூக். ரெப்போவை கிளோன் செய்த கையோடு 'கிட் ரிவியூ -எஸ்' ஒருமுறை ஓட்டினால் அது நிறுவப்படும். அதற்கு முன்பே போட்ட கமிட்டில் அந்த வரி இருக்காது. அப்போது புதிய கமிட் போடக்கூடாது. 'கிட் கமிட் --அமெண்ட் --நோ-எடிட்' போதும். ஹூக் மறுபடி ஓடி வரியைச் சேர்த்துவிடும்.

இரண்டாகப் பிரிந்ததைச் சேர்க்க இணையத்தில் தேடினால் இன்டராக்டிவ் ரீபேஸ் செய்து ஸ்க்வாஷ் பண்ண (கமிட்டுகளை ஒன்றாக அழுத்த) சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கமிட் செய்திகளும் ஒன்றாக ஒட்டப்படுவதால் இரண்டு சேஞ்ச்-ஐடி வந்து நிற்கும். இரண்டாவதை நீக்க மறந்தால் கெரிட் மீண்டும் மறுக்கும். முதலாவதை நீக்கிவிட்டால் தவறான மாற்றத்தில் போய்ச் சேரும். இதைவிட எளிய வழி:

முதலில் 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்து, கமிட் ஆகாத எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு 'கிட் ரீசெட் --சாஃப்ட்' கட்டளையால் ஒரே ஒரு கமிட் பின்னால் போங்கள். இரண்டாவது கமிட் கலைந்துவிடும், அதிலிருந்த திருத்தங்கள் மட்டும் ஸ்டேஜில் அப்படியே இருக்கும். இப்போது 'கிட் கமிட் --அமெண்ட்'. திருத்தங்கள் முதல் கமிட்டுக்குள் போய்விடும், அதன் சேஞ்ச்-ஐடி மாறாது. 'கிட் லாக்' பார்த்தால் மாஸ்டருக்கு மேல் ஒரே கமிட்தான் இருக்க வேண்டும். 'கிட் ரிவியூ' கொடுத்தால் முதல் மாற்றத்தில் இரண்டாம் பேட்ச்செட்டாக (அதே மாற்றத்தின் அடுத்த பதிப்பாக) ஏறும். பிறகு கெரிட் பக்கத்தில் இரண்டாவது மாற்றத்தைத் திறந்து 'அபாண்டன்' அழுத்துங்கள். காரணமாக, முதல் மாற்றத்தோடு சேர்த்துவிட்டதாக ஒரு வரி எழுதினால் நல்லது.

இனிமேல் அந்தப் 'பல கமிட்டுகள்' எச்சரிக்கை வந்தால் 'நோ' சொல்லி நிறுத்துங்கள். வேண்டுமென்றே சங்கிலி போடுகிறவர்கள் மட்டுமே 'யெஸ்' சொல்ல வேண்டிய இடம் அது.

கமிட் செய்தியையும் பாருங்கள். முதல் வரி 80 எழுத்துக்குள், ஏவல் வினையில், கடைசியில் முற்றுப்புள்ளி இல்லாமல். அடுத்து வெற்று வரி. அதன் கீழ், மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பது. எதை மாற்றினீர்கள் என்பது டிஃப்பிலேயே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எந்த வரியும் 100 எழுத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கமிட் செய்தியைச் சோதிக்கும் கருவியே -1 வாங்கித் தந்துவிடும். கடைசியில் 'பக்:' என்று தொடங்கி ஃபேப்ரிகேட்டர் பணி எண், அதற்கு நேர் கீழே சேஞ்ச்-ஐடி. இந்த இரண்டுக்கும் நடுவில் வெற்று வரி விட்டால் மேலே இருப்பது அடிக்குறிப்பாகக் கொள்ளப்படாது. சரியாக இருந்தால் கெரிட்பாட் தானாகவே பணிப் பக்கத்தில் உங்கள் பேட்சின் இணைப்பைப் போடும்.

கல்லூரி, அலுவலக வலையமைப்பில் 'கிட் ரிவியூ' பதிலே இல்லாமல் தொங்கினால் பெரும்பாலும் காரணம் 29418ஆம் போர்ட். கெரிட்டின் எஸ்எஸ்எச் அதில்தான் இயங்குகிறது, பல ஃபயர்வால்கள் அதை மூடி வைத்திருக்கும். கெரிட் அமைப்புகளில் எச்டிடிபி கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி எச்டிடிபிஎஸ் வழியாகத் தள்ளலாம்.

---

நீளமெய்:

-1 பற்றி. ஜென்கின்ஸ் கருத்தில் தோற்ற வேலையின் பெயருக்குப் பக்கத்தில் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து கன்சோல் பதிவின் அடியிலிருந்து மேலே படியுங்கள். நீங்கள் சொன்ன கோப்புப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், என்.ஜேசன் இருக்கிறது, கியூகியூகியூ.ஜேசன் இல்லை. அது ஒன்றே போதும் தோற்க.

மீடியாவிக்கியில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பதிவு கட்டாயம்: என்.ஜேசனில் மூலம், கியூகியூகியூ.ஜேசனில் மொழிபெயர்ப்பாளருக்கான விளக்கம். பனானா செக்கர் என்ற கருவி இரண்டிலும் சாவிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் 'என்பிஎம் டெஸ்ட்' தோற்கும்.

விளக்கத்தை ஒப்புக்கு எழுதாதீர்கள். 'பொத்தானின் பெயர்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பது பெயரா வினையா என்று தெரியாமல் தமிழில் 'தடை' என்பதா 'தடைசெய்' என்பதா என முடிவு செய்ய முடியாது. எந்தப் பக்கத்தில் வருகிறது, அழுத்தினால் என்ன நடக்கும், $1 என்பது பயனர் பெயரா எண்ணா பக்கத் தலைப்பா, இவ்வளவும் வேண்டும். முந்நூறு மொழிக்காரர்கள் அந்த ஒரு வரியை நம்பித்தான் மொழிபெயர்க்கிறார்கள்.

டிஏ.ஜேசனில் செய்த மாற்றத்தைப் பேட்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பு டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து எழுதப்படுவது. உங்கள் பேட்ச் மெர்ஜ் ஆனதும் புதிய சாவி அங்கே வந்து சேரும், தமிழை அங்கே இடுங்கள். எல்10என்-பாட் என்ற தானியங்கி அதை எடுத்து ரெப்போவில் சேர்க்கும். கையால் தொட்டால் இரண்டு இடத்தில் இரண்டு பிரதி ஆகிவிடும், ரிவியூ செய்பவரும் எப்படியும் எடுக்கத்தான் சொல்வார்.

நிரல் எழுதும்போதே தமிழை மனதில் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாக்கியத்தைத் துண்டுதுண்டாகச் செய்திகளாக வைத்து நிரலில் ஒட்டாதீர்கள். ஆங்கிலத்தில் 'நீக்கியவர்' என்ற பொருள்தரும் துண்டுக்குப் பின்னால் பெயரை ஒட்டினால் வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் பெயர் முன்னால் வந்து வினை கடைசியில் நிற்க வேண்டும்: '$2 பக்கத்தை $1 நீக்கினார்'. துண்டுகளின் வரிசை நிரலில் உறைந்துபோனால் மொழிபெயர்ப்பாளரால் ஒன்றுமே செய்ய முடியாது. முழு வாக்கியமும் ஒரே செய்தியாக இருக்கட்டும். இணைப்பு வேண்டுமானால் அதையும் ஒரு $ அளவுருவாகக் கொடுங்கள்.

மொழிபெயர்க்கும் பக்கத்திலும் இதேபோல ஒரு குழி. $1 என்பதோடு வேற்றுமை உருபை நேரடியாக ஒட்டினால் புணர்ச்சி உடையும். '$1இல்' என்று எழுதினால் 'ஈரோடுஇல்' என்று வரும்; வேண்டியது 'ஈரோட்டில்'. '$1ஐ' என்றால் 'சேலம்ஐ', வேண்டியது 'சேலத்தை'. எந்தச் சொல் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், உருபைத் தாங்க ஒரு பொதுச்சொல்லை நடுவில் வையுங்கள்: '$1 பக்கத்தில்', '$1 என்ற பகுப்பை', '$1 கோப்புக்கு'. வாக்கியம் ஒரு சொல் நீளும், ஆனால் எந்தத் தலைப்பு வந்தாலும் நிற்கும். எண்ணுக்கு 'ப்ளூரல்' வார்ப்பில் தமிழுக்கு இரண்டு வடிவம் உண்டு, ஒருமையும் பன்மையும். பால் காட்டும் 'ஜென்டர்' வார்ப்பு பெரும்பாலும் தேவைப்படாது. பயனரை 'அவர்', '-ஆர்' விகுதி என்றே எழுதுவதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

பிஎச்பி வரிகள்: உள்தள்ளல் டேபில்தான், இடைவெளியில் இல்லை. அடைப்புக்குறியின் உட்புறம் இரு பக்கமும் ஓர் இடைவெளி விட வேண்டும். நீட்சியின் அடைவுக்குள் 'கம்போசர் டெஸ்ட்' ஓட்டினால் பிஎச்பிசிஎஸ் (நிரலின் நடையைச் சோதிக்கும் கருவி) என்ன சொல்லும் என்று தள்ளுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நடை சார்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றை 'கம்போசர் ஃபிக்ஸ்' தானே திருத்தும். ஆனால் நீங்கள் தொடாத வரிகளையும் அது திருத்தியிருந்தால் அவற்றை இந்தப் பேட்சில் சேர்க்காதீர்கள். மூன்று வரி வழுத்திருத்தத்துக்குள் நாற்பது வரி இடைவெளி மாற்றம் கலந்திருந்தால் ரிவியூ செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

---

ஆய்தஎழுத்து:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. உங்க கணினியிலேயே வழு திரும்ப வருதா, பேட்சுக்கு அப்புறம் போகுதான்னு பார்த்தீங்களான்னு கேள்வியில இல்ல. அதைப் பார்க்காம அனுப்பாதீங்க.

முகவரியோட கடைசியில 'யூஸ்லாங்' அளவுருவுக்கு 'கியூகியூஎக்ஸ்'னு கொடுத்துப் பாருங்க. பக்கத்துல இருக்குற எல்லா செய்தியும் வளைவு அடைப்புக்குறிக்குள்ள தன் சாவிப்பெயரோட வரும். மத்ததெல்லாம் அப்படி வந்து, உங்க பொத்தான் மட்டும் ⧼ ⧽ குறியோடவே நின்னா, ஜாவாஸ்கிரிப்ட் கேட்கிற சாவி உலாவிக்கே போகலைன்னு அர்த்தம். எக்ஸ்டென்ஷன்.ஜேசன்ல அந்த ரிசோர்ஸ்லோடர் (உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட்டையும் செய்திகளையும் அனுப்புற பகுதி) மாட்யூலோட 'மெசேஜஸ்' பட்டியல்ல சாவி இருக்கணும். என்.ஜேசன்ல மட்டும் இருந்தா சர்வருக்குத் தெரியும், உலாவிக்குத் தெரியாது. ஒரே எழுத்துப் பிழைகூட இதே மாதிரிதான் காட்டும், அதனால சாவியை நகலெடுத்து ஒட்டுங்க.

லோக்கல்ல நிறுவ ரெண்டு வழி. பிஎச்பியும் கம்போசரும் ஏற்கெனவே இருந்தா எஸ்க்யூலைட் (ஒரே கோப்புல இருக்குற சின்ன தரவுத்தளம்) போதும்: கோர் ரெப்போவுக்குள்ள 'கம்போசர் அப்டேட்', 'கம்போசர் எம்டபிள்யூ-இன்ஸ்டால்:எஸ்க்யூலைட்', பிறகு 'கம்போசர் சர்வ்'. 4000ஆம் போர்ட்ல தளம் வந்துடும். இல்லேன்னா டாக்கர் வழி, அது 8080ல வரும். டாக்கர்ல வழக்கமா இடிக்கிற மூணு:

லினக்ஸ்ல .என்வ் கோப்புல பயனர் எண்ணும் குழு எண்ணும் போடலைன்னா கேஷ் அடைவுல எழுத அனுமதி இல்லைன்னு விழும். 'ஐடி -யூ', 'ஐடி -ஜி' கொடுத்து வர்ற எண்களை அங்க போடுங்க.

விண்டோஸ்ல சி டிரைவ்ல கிளோன் பண்ணாதீங்க. டபிள்யூஎஸ்எல்2 உள்ள இருக்குற லினக்ஸ் கோப்புமுறையில பண்ணுங்க. வெளியில வச்சா பக்கம் திறக்கவே ரொம்ப நேரம் ஆகும், வரிமுடிவுக் குறி மாறி நிறுவல் ஸ்கிரிப்ட்டும் ஓடாது.

தோல் (பக்கத்தோட தோற்றத்தைத் தர்ற 'ஸ்கின்') இல்லாத வெறும் பக்கம் வந்தா பயப்பட வேண்டாம். கோர் ரெப்போவில தோல்கள் கிடையாது. 'ஸ்கின்ஸ்' அடைவுக்குள்ள வெக்டரைத் தனியா கிளோன் பண்ணி, லோக்கல்செட்டிங்ஸ்.பிஎச்பில அதை ஏற்றுற ஒரு வரி சேர்க்கணும். நீட்சிக்கும் இதே முறைதான், 'எக்ஸ்டென்ஷன்ஸ்' அடைவுல.

அப்புறம் ரிவியூ. கோட்-ரிவியூ +1 யார் வேணும்னாலும் போடலாம், அதனால எதுவும் மெர்ஜ் ஆகாது. +2 போடுற உரிமை உள்ளவங்க போட்டாதான் கடைசித் தேர்வு ஓடி உள்ள போகும். யாருக்கு அந்த உரிமைன்னு தெரிய, மீடியாவிக்கி.ஆர்க்ல பராமரிப்பாளர் பட்டியல் இருக்கு. அதைவிட நம்பகமானது 'கிட் லாக்'. அந்தக் கோப்பை சமீபத்துல தொட்டவங்க, அவங்க பேட்சுகளுக்கு கெரிட்ல +2 போட்டவங்க யாருன்னு பாருங்க. ரெண்டு பேரைச் சேர்த்தா போதும். எட்டு பேரைச் சேர்த்தா ஒவ்வொருத்தரும் மத்தவர் பார்ப்பார்னு விட்டுடுவாங்க.

புதுசா வர்றவங்க பேட்சுக்கு முழுத் தேர்வும் தானா ஓடாது. ஏற்கெனவே நம்பகப் பட்டியல்ல இருக்குற ஒருத்தர் பார்த்துட்டு 'ரீசெக்'னு எழுதினா ஓடும். அதனால ஜென்கின்ஸ் கொஞ்சமா மட்டும் சொல்லிட்டு நின்னுருந்தா அது உங்க தப்பு இல்ல.

ரிவியூ கருத்துக்குப் பதில் சொல்லும்போது, திருத்தத்தையும் ரீபேஸையும் (பேட்சைப் புது மாஸ்டருக்கு மேல மாத்தி வைக்கிறது) ஒரே பேட்ச்செட்ல கலக்காதீங்க. ரிவியூ பண்றவர் 2ஆம் பேட்ச்செட்டுக்கும் 3ஆம் பேட்ச்செட்டுக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னுதான் பார்ப்பார். ரீபேஸ் கலந்தா மத்தவங்க எழுதின வரிகளும் அந்த வித்தியாசத்துல வந்து குழப்பும். 'கிட் ரிவியூ -ஆர்' (பெரிய எழுத்து ஆர்) கொடுத்தா ரீபேஸ் இல்லாம ஏறும். ரெண்டு வாரம் சத்தமே இல்லேன்னா பணிப் பக்கத்துல மரியாதையா ஒரு வரி கேளுங்க, அதுல தப்பில்ல.

தளத்துக்கு எப்போ வரும்: வாராவாரம் ஒரு ட்ரெயின் (புதுப் பதிப்பைப் படிப்படியா எல்லா விக்கிக்கும் ஏத்துறது). செவ்வாய்க்கிழமை சோதனை விக்கிகளும் மீடியாவிக்கி.ஆர்க்கும், புதன்கிழமை பெரும்பாலும் விக்கிப்பீடியா அல்லாத திட்டங்கள், வியாழக்கிழமை மத்த எல்லா விக்கிப்பீடியாக்களும். அதனால தமிழ் விக்கிமூலத்துல புதன்கிழமையே தெரியும், தமிழ் விக்கிப்பீடியாவுல வியாழக்கிழமை. செவ்வாய் காலையில கிளை வெட்டுறதுக்கு முன்னாடி மெர்ஜ் ஆகியிருந்தாதான் அந்த வார ட்ரெயின். தவறினா அடுத்தது. நடுவுல பெரிய வழு கண்டுபிடிச்சா ட்ரெயினையே நிறுத்தி வைப்பாங்க. எந்தப் பதிப்பு ஓடுதுன்னு சிறப்புப் பக்கங்கள்ல இருக்குற பதிப்புப் பக்கத்துல பார்க்கலாம்.

---

தொடுவானம்_77:

மூவருக்கும் நன்றி. சாஃப்ட் ரீசெட் வழியில் ஒன்றாகிவிட்டது, இரண்டாவதைக் கைவிட்டாயிற்று. கியூகியூகியூ விளக்கம் சேர்த்து, டிஏ.ஜேசனை எடுத்தபின் இதுவரை ஓடிய தேர்வுகள் தேறிவிட்டன. ஒரு துணைக்கேள்வி: விக்கியில் வரும் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு உள்ளீட்டு முறைகளின் விதிகளில் திருத்தம் செய்வதும் கெரிட் வழியாகத்தானா?

---

அடைப்புக்குறி:

இல்லை. அது ஜேக்வெரி.ஐஎம்இ என்ற தனி நூலகம், விக்கிமீடியாவின் கிட்ஹப் கணக்கில் இருக்கிறது. மீடியாவிக்கி கோர், நீட்சிகளின் கிட்ஹப் பிரதிகள் வெறும் கண்ணாடிகள். அங்கே புல் ரெக்வெஸ்ட் போட்டால் எடுக்கப்படாது. ஆனால் ஜேக்வெரி.ஐஎம்இக்குப் புல் ரெக்வெஸ்ட்தான் வழி.

'ரூல்ஸ்' அடைவுக்குள் தமிழுக்கான கோப்புகள் முறைக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு விதியும், இடஞ்சுட்டிக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளோடு இப்போது தட்டியதையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துத் தொடரைத் தேடும் வடிவம்). 'க்' இருக்கும்போது அகரத்துக்கான விசையைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து 'க' ஆவது இப்படித்தான். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ஆகவே நீண்ட, குறிப்பான விதி மேலே, பொதுவானது கீழே. புதிய விதியைப் பட்டியலின் அடியில் சேர்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று தவிப்பதற்கு வழக்கமான காரணம் இந்த வரிசைதான். 'மேக்ஸ்கீலெங்த்' மதிப்பையும் பாருங்கள். எத்தனை எழுத்து பின்னால் பார்க்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நம் கண்ணுக்கு ஓரெழுத்தான 'கா' அங்கே இரண்டு குறியீடு, 'க்ஷா' நான்கு. மதிப்பு குறைவாக இருந்தால் நீண்ட விதி ஒருபோதும் பொருந்தாது.

சோதனைகளுக்கான ஃபிக்ஸ்சர் கோப்பில் உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் சேர்க்க வேண்டும். அங்கே 'கொ' போன்றவற்றில் கவனம் தேவை. ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, சோதனை மட்டும் தோற்கும். ஒரே குறியீட்டு வடிவத்தையே எழுதுங்கள். மீடியாவிக்கியும் உரையைச் சேமிக்கும்போது அந்த வடிவத்துக்குத்தான் மாற்றுகிறது.

அங்கே மெர்ஜ் ஆனதும் விக்கியில் உடனே வராது. விக்கியில் மொழியையும் உள்ளீட்டு முறையையும் தேர்ந்தெடுக்க உதவும் யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் நீட்சி அந்த நூலகத்தின் பிரதி ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பிரதியைப் புதுப்பிக்கும் பேட்ச் கெரிட் வழியாகப் போக வேண்டும், அதன்பின் வியாழக்கிழமை ட்ரெயின்.